மூணு சைலன்சரும் இடது காதும்

"ஒம்ம காதுக்கு முன்னால நான் எம்மாத்திரம்வே, நீரே கேட்டு முடிவு பண்ணும்"ங்கான் ஏசுவடியான். சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற. நக்கல் இல்ல, மனசாரத்தான் சொல்லுதான், அதுதான் சிக்கல். வள்ளியூர் வட்டாரத்துல சைலன்சர் வேலைன்னா இவன்கிட்டதான் வரணும், முப்பது வருசமா வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கிடக்கிற மனுசன், அவனே ஒண்ணை எடுத்துப் போட்டு விட்டிருக்கலாம். போட மாட்டான். எவன் வந்தாலும் நீரே கேட்டுச் சொல்லும்பான், எம்புட்டு மரியாதைக்காரன்னு ஊரே சொல்லும். போதாக்குறைக்கு என் பிக்கப் வண்டியோட பின்பலகையில 'சிவனணைந்தான் சவுண்ட் சர்வீஸ், ஊசிக்காடு'ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கு. மைக்செட்காரன் வண்டிக்கு மைக்செட்காரன்தான் சத்தம் பாக்கணுமாம். தரையில மூணு சைலன்சர் கிடக்கு. ஒண்ணு இப்போ கழட்டினது, பத்தொம்பது வருசத்துப் பழசு, வயித்துல என் கை நுழையுற அளவு ஓட்டை, ஒட்டுப் போட்டா இன்னும் ஒரு வருசம் இழுத்துக்கிட்டுக் கிடக்குமாம். ரெண்டாவது குட்டை, உள்ள தடுப்பு ஒண்ணும் கிடையாது, புகை நேரா வந்து நேரா போயிரும், தொம் தொம்னு கேக்கும், இளவட்டப் பயலுவ ஆசைப்பட்டுப் போடுதது. மூணாவது நீளம், உள்ள அறை அறையாத் தடுத்து, சத்தத்தை அதுக்குள்ளயே சாகடிச்சு அனுப்புமாம், வண்டி வந்ததே தெரியாதாம். கரண்டு இல்ல. மாசாந்திரக் கட்டு, ரெண்டு மணிக்குத்தான் வரும், வெல்டிங் அதுக்குப் பொறவுதான். அதுவரைக்கும் ஒவ்வொண்ணா இரும்புப் பட்டி போட்டு இறுக்கி மாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுதானாம், நான் சத்தத்தைக் கேட்டு எதுன்னு சொல்லணுமாம். சொல்லலாம், சொல்லுததுக்கு என்ன, வாய் இருக்கு. கேக்கணும்லா.

ஆமா, எனக்குக் காது கேக்கல. இந்தா சொல்லியாச்சு. யார்கிட்ட, என்கிட்டயேதான், இதுக்கு மேல வேற யார்கிட்டயும் சொன்னது கிடையாது. ஒரேயடியாக் கேக்கலன்னு சொல்ல முடியாது. லாரி கேக்கும். இடி கேக்கும். ஆம்பளையாளு பேசினா வலது காதுல பாதிக்கு மேல விழும். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் துணிக்கடை ஜெனரேட்டர் தும் தும்னு ஓடுதே, அது நல்லாக் கேக்கு, கேக்குததுக்கு இதமாக்கூட இருக்கு. போனது பூராவும் சன்னச் சத்தம். மணி, குக்கர் விசில், குருவி, பொம்பளையாளு பேச்சு. எங்க தொழில் பாஷையில சொல்லணும்னா பாஸ் இருக்கு, ட்ரெபிள் போயிட்டு. முப்பத்தோரு வருசம் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில நின்னவனுக்குப் போகாம என்ன செய்யும், அதுவும் இடது காது, ஸ்பீக்கர் பொட்டி பக்கத்துலயே கவுந்து கிடந்த காது, அது சுத்தமாச் செத்துப்போச்சு. எனக்கு உடனே புரிஞ்சிருக்கணும்லா? புரியலையே. போன வருசம் புது பாக்ஸ் வாங்கினேன், பாட்டுப் போட்டா ஜால்ரா சத்தமே வரல. சன்னச் சத்தம் தார ட்வீட்டர் போச்சுன்னு கழட்டி எறிஞ்சிட்டு வேற போட்டேன். அதுலயும் வரல. கடைக்காரன்கிட்ட போயி மல்லுக்கட்டி, ஏமாத்துதியாவேன்னு சட்டையைப் பிடிக்காத குறையா நின்னு, மூணாவது வாங்கிப் போட்டேன். அதுலயும் வரல. அன்னைக்கு மத்தியானம் வீட்டுல தனியா உக்காந்து அந்த ட்வீட்டர் வாயில விரலை வச்சுப் பாக்கேன், கிர்ருனு அதிருது. நல்லா வேலை செய்யுது சவம். அப்போதான் தெரிஞ்சுது, மாத்த வேண்டியது பொட்டியில இல்லன்னு. மூணு நல்ல ட்வீட்டரைத் தூரப் போட்ட கோட்டிக்காரன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

பொறவு சித்திரைக் கொடைத் திருவிழாவுல நடந்தது. நெனைச்சா இப்பவும் காது மடல் சுடுது, கேக்காத காதுக்குச் சூடு மட்டும் நல்லாத் தெரியுது. அம்மன் கோயில்ல மைக்கை மாட்டி, குழாயைக் கட்டி, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கேன், ராசா மாதிரி. மைக்கு வீல்ல்லுனு ஊளையிட்டிருக்கு, பத்து நிமிசம். ஊரே காதைப் பொத்திக்கிட்டு ஓடுது. சின்னப் பிள்ளையெல்லாம் அழுதுருக்கு, பந்தல்ல கட்டியிருந்த கிடாய் கயித்தை அறுத்துக்கிட்டுப் போயிட்டு. நான் என்னமோ சனம் அம்மனைப் பாத்து அருள் வந்து ஓடுதுன்னு நெனைச்சு ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். வரி பிரிக்கிற கமிட்டித் தலைவர் வந்து வயரைப் பிடுங்கினாரு. "என்ன சிவனணைஞ்சான், கேக்கலையா?"ன்னாரு, அவர் உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன். சட்டுனு வாயில வந்துது, "புது மைக்கு அண்ணாச்சி, மொதநாள் அப்படித்தான் கூவி அடங்கும்". அவரும் தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. தெரியாதவன் தைரியமாச் சொன்னா ஊரு நம்பும், அது ஒரு வசதி. ஆனா எத்தனை நாளைக்கு? மைக்செட்காரனுக்குக் காது கேக்காதுன்னு வெளிய தெரிஞ்சா பொழைப்பு என்னத்துக்கு ஆகும், நாக்குச் செத்தவன் சமையலுக்கு நின்ன கதைதான். ஊமைன்னாகூட ஐயோ பாவம்பான். செவிடன்னா சிரிப்பான். அதனாலதான் திமிர் பிடிச்சவன்னு பேர் வாங்கிக்கிட்டேன். கூப்பிட்டாத் திரும்ப மாட்டான், கேட்டாப் பதில் சொல்ல மாட்டான், சிவனணைஞ்சானுக்குத் தலைக்கனம். இருக்கட்டும். தலைக்கனம் ஒண்ணும் வியாதி இல்லைலா.

ஊருக்குச் சரி. வீட்டுக்கு? மவளைக் கட்டிக்கொடுத்த பொறவு வீட்டுல நானும் என் பொண்டாட்டி சண்முகக்கனியும்தான். அவ கொரலு சன்னம், கலியாணத்தன்னைக்கே எனக்கு அந்தக் கொரலுதான் பிடிச்சுது, இப்போ அதுதான் மொதல்ல போயிட்டு. ஆம்பளையாளு வந்து வாசல்ல நின்னு பேசினா வாய் நிறையப் பேசுதேன், அவ அடுக்களையில இருந்து பேசினா கம்முனு இருக்கேன். அவ என்ன நெனைப்பா? ஊருல உள்ளவன் சொல்லுதது எல்லாம் காதுல ஏறுது, நான் சொன்னா மட்டும் ஏறலன்னு நெனைப்பா. அப்படித்தான் நெனைச்சா. சொன்னா. சொன்னான்னு எனக்கு எப்படித் தெரியும், அவ மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டதுதான். போன வாரம் களக்காட்டுல ஒரு கலியாணத்துக்குப் போயிட்டு இந்த வண்டியிலதான் திரும்பினோம். நான் ஸ்டீரிங்ல, அவ எனக்கு இடது கைப் பக்கத்து சீட்டுல. இடது. வலது காது சன்னல் பக்கம், அதுல ஆடிக்காத்து அடிக்கு. இடது காது அவ பக்கம், அது செத்த காது. அடியில ஓட்டைச் சைலன்சர். நாப்பது நிமிசம் அவ பேசிக்கிட்டே வந்தா. கையை ஆட்டுதா, கண்ணைத் துடைக்கா, சேலை முந்தியை முறுக்குதா, நான் ரோட்டைப் பாக்கேன், அப்பப்போ "ம்"ங்கேன். ஊருக்குள்ள திரும்புத இடத்துல என் மூஞ்சியையே பாத்தா. கேள்வி கேட்டிருக்கான்னு தெரியுது. என்னமோ பெரிய கேள்வின்னும் தெரியுது. நானும் பெரிசா ஒரு "ம்" போட்டேன். அவ மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம், என் கையைத் தொட்டா. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துது. மறுநாள் காலையில காப்பியை வச்சுட்டு முன்னால நின்னு, நேருக்கு நேரா, "நேத்து சரின்னீங்களே, எப்போ?"ன்னா. உதட்டுல அம்புட்டும் தெரிஞ்சுது. நான் கேட்டேன் பாரு ஒரு கேள்வி. "எதுக்குட்டீ சரின்னேன்?" அவ்வளவுதான். பையை எடுத்தா, திசையன்விளையில அவ அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிட்டா. எட்டு நாளாச்சு.

எதுக்குச் சரின்னேன்? எட்டு நாளா இதே ரோதனைதான். ஃபிரிஜ் வாங்கவா? ஃபிரிஜ்ஜுக்கு எவளாவது கண்ணைத் துடைப்பாளா? அவ அண்ணன் மவனைக் கொண்டாந்து வீட்டுல வச்சுக்கவா? மவ ஊருக்கே குடி போகவா? மைக்செட்டை வித்திருவோம்ன்னாளா? ஐயய்யோ, அதுக்குப் போயா "ம்"னேன்? இல்ல, நான் சாமியாராப் போறேன்னு அவளே சொல்லி, நான் சரி போன்னு சொல்லிட்டேனா? ஆனா கையைத் தொட்டாளே. சாமியாராப் போறவ புருசன் கையைத் தொட மாட்டா. சரி விடு. எனக்குப் போன் பேசிக் கேக்க வழி இல்ல, போன்ல உதடு தெரியாது, அவ கொரலு அதுக்குள்ள கொசு மாதிரிதான் விழும். முந்தாநாள் மச்சான் போன் பண்ணினாரு, கட்டைக் கொரலு, வலது காதுல வச்சா நல்லா விழுந்துது. "அவ வாரேங்கா மாப்ள. ஆனா அந்தச் சத்தத்துல ஏற மாட்டாளாம். அதுல ஒரு மனுசி பேசினா யாருக்குக் கேக்கும்னு கேக்கா. சைலன்சரை மாத்திட்டு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாரும், இல்லன்னா வர வேண்டாமாம்." இன்னைக்குத்தான் வெள்ளி. இப்போ மணி ஒண்ணு. சொல்லப்போனா இதுல யோசிக்க என்ன இருக்கு, நீளத்தைப் போட்டுட்டு நேரா திசையன்விளைக்கு விட வேண்டியதுதான். எந்த முட்டாளும் அதைத்தான் செய்வான்.

ஆனா நீளத்தைப் போட்டா நான் மாட்டிக்கிடுவேன். அதுதான் சங்கதி. அந்த ஓட்டை விழுந்து எட்டு மாசமாச்சாம், ஏசுவடியான் துருவைப் பாத்துச் சொல்லுதான். எட்டு மாசமும் எனக்குத் தெரியாது. ஐம்பத்தி நாலு வயசுல இளவட்டம் மாதிரி சைலன்சரை அறுத்து விட்டுட்டு அலையுதான்னு ஊருல பேசியிருக்கானுவ, எனக்கு என்னமோ வண்டி நல்லாப் பேசுதேன்னு தோணுச்சு. எல்லாரும் கேக்குத மாதிரி எனக்கும் கேட்டுது, அதான் விசயம். அந்தச் சத்தத்துக்குள்ள இருந்தா பக்கத்துல இருக்கவனுக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது, எல்லாரும் ஒண்ணு. "என்ன சொன்னீரு?"ன்னு நான் கேட்டா, வண்டிச் சத்தம்னு அவனே சொல்லிக்கிடுவான். நீளத்தைப் போட்டா? பக்கத்துல சண்முகக்கனி. வண்டியில சத்தம் இல்ல. அவ பேசுதா. எனக்குக் கேக்கல. இப்போ என்னத்தைச் சாக்குச் சொல்ல? பொறவு இன்னொண்ணு, வண்டி ஓடுதா நின்னுட்டான்னே எனக்குத் தெரியாதே. இது ஐட்லிங்ல நிக்காத வண்டி, மிதியில இருந்து காலை எடுத்தா அதுபாட்டுக்கு அணைஞ்சிரும். ஓட்டைச் சைலன்சர்லயே ஒருநாள் ஓடிக்கிட்டு இருக்கிற வண்டிக்குச் சாவியைத் திருக்கிட்டேன், கரகரன்னு பல்லுச்சக்கரம் அரைச்சிருக்கும் போல, டீக்கடையில அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாக்கானுவ. நீளத்தைப் போட்டா தினம் அரைக்க வேண்டியதுதான். பழசுக்கே ஒட்டுப் போடலாமா? மாத்திட்டேன்னு பொய் சொல்லலாமா? அவளுக்குத்தான் நல்லாக் காது கேக்குமே, நாசமாப் போக.

"அண்ணாச்சி." லீலா டீ கொண்டாந்து நீட்டுதா. பக்கத்து டீக்கடைக்காரி. அவ கொரலும் கேக்காதுதான், ஆனா நல்ல பல்லு, வாயை முழுசாத் திறந்து பேசுவா, பேச்சு பூராவும் மூஞ்சியில தெரியும். இவளுக்கு மட்டும் நான் ஒழுங்காப் பதில் சொல்லுதேன், அதனால வள்ளியூர்ல நான் ரொம்ப நல்ல மனுசன். "மதினி இன்னும் வரலையா?"ங்கா. "இன்னைக்கு வாரா"ன்னேன். சொன்ன பொறவுதான் பயம் வருது. வருவாளா? எட்டு நாளா வீட்டுல என்ன ஒரு அமைதிங்கேன். கேக்காதவனுக்கு அமைதி என்னன்னு கேப்பீரு. அதெல்லாம் தெரியும்வே. அடுக்களையில ஆளு நடமாட்டம் இல்லன்னா தரை சும்மா கிடக்கும், காலுல ஒரு அதிர்வும் வராது. அந்தத் தரையில நடக்க எனக்குப் பிடிக்கல. அவ இல்லாம எனக்கு முடியாது, அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு என்ன வெக்கம்.

ஏசுவடியான் குட்டையை மாட்டிட்டான். சீட்டுல ஏறி ஸ்டார்ட் பண்ணி ஒரு மிதி மிதிக்கான். ஆகா! நெஞ்சுல வந்து முட்டுது. தொம் தொம் தொம்னு, நல்ல நையாண்டி மேளத்துத் தவில், உள்ளங்கால்ல ஏறி முதுகுத்தண்டுல நடக்கு. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக் கேக்கு எனக்கு. ரோட்டுல போன ரெண்டு பயலுவ பைக்கை நிறுத்திக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுதானுவ. லீலா முந்தியை எடுத்துக் காதுல அடைச்சிக்கிட்டு உள்ள ஓடுதா. "எப்படி?"ன்னு அவன் சைகையில கேக்கான். கண்ணுல தண்ணி வந்துட்டு எனக்கு, சத்தியமா. ஒண்ணரை வருசத்துல நான் முழுசாக் கேட்ட மொத சத்தம். இதுதான்வே என் சைலன்சர், இதைப் போட்டா கியர் எப்போ மாத்தணும்னு தெரியும், வண்டி உசுரோட இருக்கான்னு தெரியும், எவனும் என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டான், கேட்டாலும் கேக்காது. சண்முகக்கனி? மச்சான் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி வரும்போதே அவளுக்குக் கேட்டிரும். கதவைச் சாத்திருவா. நாலு மணிக்குச் சாத்தின கதவை எந்தச் சத்தத்தைக் கொண்டு திறக்க? "அதையும் பாத்திருவோம்வே, அந்த நீளத்தை"ங்கேன். வாய்தான் சொல்லுது. மனசு குட்டைகிட்டயே நிக்கி.

நீளத்தை மாட்ட நேரம் பிடிக்கி. பட்டி சேரல, தகரத்தை மடிச்சு வச்சுத் தட்டுதான். நல்ல ஆடிக்காத்து, ஆரல்வாய்மொழிக் கணவாய்ல புகுந்து வார காத்து, ரோட்டு மண்ணை அள்ளி மூஞ்சியில போடுது. அவன் ஏறி ஸ்டார்ட் பண்ணிட்டு இறங்கி வாரான். ரெண்டு பேரும் வண்டிக்குப் பின்னால போயி நிக்கோம். குனியுதோம். நான் வலது காதைக் குழாய் பக்கம் கொண்டு போறேன். அவனும் தலையைச் சாய்க்கான். இந்தா வருது. தும் தும் தும்னு, அடக்கமா, பதவிசா, ஒரே சீரா. அட, நல்லாத்தானே கேக்கு! இதைப் போயா கேக்காதுன்னு பயந்தேன்? "எப்படிவே?"ங்கான். "அருமைவே. தம்பூரா மாதிரி சுதி சேந்து நிக்கி"ங்கேன். "நான் சொல்லல? உள்ள அறை அறையாத் தடுத்திருக்கான், அதான் அந்தப் பதவிசு"ங்கான். குழாய் வாயில உள்ளங்கையை வச்சுப் பாக்கான். "காத்தும் தடை இல்லாம வருது, வச்சுப் பாரும்." வச்சேன். வரத்தான் செய்யுது, குளுகுளுன்னு. புகை குளுகுளுன்னு வருமா? நல்ல சைலன்சர்னா அறை அறையா ஆத்திக் குளுமையாத்தான் அனுப்பும் போலன்னு நெனைச்சுக்கிட்டேன். மனசு நிறைஞ்சு போச்சு. அவளும் ஏறுவா, எனக்கும் கேக்கு, யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அம்மன் கண்ணைத் திறந்துட்டா, கொடையில கும்பிட்ட கும்பிடு வீணாப் போகல. இன்னும் செத்த நேரம் கேப்போம்னு ரெண்டு பேரும் குனிஞ்சபடியே நிக்கோம், அவன் தலையை ஆட்டுதான், நானும் தாளத்துக்கு ஆட்டுதேன். அப்போ கடையில பல்பு எரிஞ்சுது. கரண்டு வந்துட்டு. ரெண்டு எண்ணுததுக்குள்ள தும் தும் நின்னு போச்சு. "என்னவே, வண்டி அணைஞ்சிட்டு?"ங்கான் அவன். "ஐட்லிங் நிக்காதுவே"ங்கேன் நான்.

லீலா கடை வாசல்ல நின்னு சிரிக்கா. சிரிக்க முடியாமச் சிரிக்கா, கையில டீ கிளாஸ் ஆடுது. "அண்ணாச்சி, வண்டி அப்பவே அணைஞ்சிட்டு, ஏசுவடியான் அண்ணன் இறங்கி ரெண்டு எட்டு வைக்கும்போதே. பத்து நிமிசமா நீங்க ரெண்டு பேரும் துணிக்கடை ஜெனரேட்டரைக் கேட்டுக்கிட்டு நிக்கீங்க!"

நான் ஏசுவடியானைப் பாக்கேன். அவன் என்னைப் பாக்கான். அவன் கை இன்னும் குழாய் வாயிலயே இருக்கு, ஆடிக்காத்து அதுல அடிக்கி. எவன் வந்தாலும் நீரே கேட்டுச் சொல்லும்பானே. முப்பது வருசத்து மரியாதை. "ஒமக்குமாவே?"ன்னேன். "தட்டித் தட்டிப் போச்சுவே. ஏழு வருசமாச்சு. ஒமக்கு?" "ஒண்ணரை வருசம்." "யாருக்குத் தெரியும்?" "ஒருத்தருக்கும் தெரியாது." "வீட்டுல?" நான் தரையில கிடந்த பழைய சைலன்சரைப் பாத்தேன். அவன் கையை எடுத்துச் சட்டையில துடைச்சிக்கிட்டான். "சொல்லிரும்வே. என் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லல, அவ பேசுததையே நிப்பாட்டிட்டா. இப்போ எனக்குக் கேக்கலையா அவ பேசலையான்னே தெரியல." இதைச் சொல்லிட்டு அவன் ஸ்பானரைத் தேடுத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிட்டான்.

போனை எடுத்தேன். சண்முகக்கனிக்கு அடிச்சேன். எடுத்துட்டான்னு தெரிஞ்சுது, போன்ல நிமிசக் கணக்கு ஓட ஆரம்பிச்சிட்டு. என்னத்தையோ சொல்லுதா, கொசு. "ஏட்டி, நீ பேசாத, நான் சொல்லுததைக் கேளு"ன்னு கத்துதேன். "எனக்குக் காது கேக்கலட்டீ! ஒண்ணரை வருசமாச் சுத்தமாக் கேக்கல! உன் பேச்சுதான் மொதல்ல போயிட்டு! திமிரு இல்லட்டீ, செவிடு!" ரோட்டுல போன சைக்கிள்காரன் காலை ஊனி நிக்கான். துணிக்கடையில இருந்து மூணு தலை எட்டிப் பாக்கு. முப்பத்தோரு வருசத்துல மைக்கு இல்லாம நான் பண்ணின மொத அறிவிப்பு இதுதான், வள்ளியூர் பூராவும் கேட்டிருக்கும். கேக்கட்டும். போனை லீலா கையில திணிச்சேன், "அவ என்ன சொல்லுதான்னு கேட்டு எனக்குச் சொல்லுத்தா."

லீலா போனைக் காதுல வச்சுக்கிட்டு என் மூஞ்சிக்கு நேரா நிக்கா. இப்போ தெரிஞ்சு போச்சுல்லா, வாயை இன்னும் பெரிசாத் திறக்கா.

"எந்தக் காதுன்னு கேக்காவ."

"இடது. வலதும் அரைகுறை."

"அப்போ அந்த நாப்பது நிமிசமுமாங்காவ."

"நாப்பது நிமிசமும்தான்னு சொல்லு."

"பொறவு கடைசியில எதுக்கு 'ம்'னு சொன்னீங்களாம்?"

"அவ என் மூஞ்சியைப் பாத்தா. அந்தப் பார்வைக்குச் சொன்னேன்னு சொல்லு."

லீலா சொன்னா. கேட்டா. அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. "சிரிக்காவ அண்ணாச்சி. இல்ல, அழுவுதாவ. இருங்க, ரெண்டும்தான்." ஒரு விரலைத் தூக்கி என்னைப் பொறுக்கச் சொல்லுதா. "நாலு மணிக்கு வர வேண்டாமாம்."

எனக்கு உசுரே போயிட்டு. "ஏனாம்?"

"மூணு மணிக்கே வரணுமாம். மதினிக்கு எல்லாத்தையும் மொதல்ல இருந்து திருப்பிச் சொல்லணுமாம், ஒண்ணரை வருசத்தையும், அந்தக் கேள்வியையும்."

ஏசுவடியான் வெல்டிங் கோலைக் கையில எடுத்துக்கிட்டு நிக்கான். எதைங்கான், கண்ணாலயே. நான் நீளத்தைக் காட்டினேன்.

"யோசிச்சுச் சொல்லும்வே"ன்னு என் வலது காதுல வாயை வச்சுக் கத்துதான். "இதுல துளி சத்தம் வராது. வண்டி ஓடுதா நின்னுட்டான்னு ஒமக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல இருக்கவ சொல்லுவா"ன்னேன். "நீரு பத்த வையும்."